தேடுவோர் சொற்களைத் தேடுதல்

ஒரு வலைத்தளத்தை நடத்துபவர் தம் பக்கங்களில் எழுதிவைக்கும் சொற்களும், அப்பக்கங்களுக்கு வந்து சேர வேண்டியவர் தேடுபொறியில் தட்டச்சிடும் சொற்களும் ஒன்றாக இருப்பது அரிது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்து குறைக்கும் முயற்சியே தேடுசொல் ஆய்வு எனப்படுகிறது. வணிக வழக்கில் ‘கீவேர்ட்’ என்று வழங்கும் தேடுசொல், தனிச்சொல்லாகவோ சொற்றொடராகவோ முழு வினாவாகவோ அமையலாம். மாதச் சந்தா செலுத்திப் பெறும் கருவிகள் இல்லாமல் இவ்வாய்வைச் செய்ய இயலாது என்னும் எண்ணம் சிறுதொழில் செய்வோரிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் ஆங்கிலச் சந்தையில் ஓரளவு பொருந்தலாம். தமிழில் எழுதப்படும் தளங்களைப் பொறுத்தவரை, கட்டணமின்றிக் கைக்கெட்டும் நேரடிச் சான்றுகளே கட்டணக் கருவிகளின் மதிப்பீடுகளைக் காட்டிலும் நம்பத்தக்கவை என்பதே இவ்வுரையின் நிலைப்பாடு. பேச்சு பொதுப்படையாக நின்றுவிடாமலிருக்க, காவிரிப் படுகையில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், தூயமல்லி முதலிய பாரம்பரிய நெல் வகைகளை அரிசியாகவும் விதைநெல்லாகவும் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் தளம் இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தேடுசொற்கள் தளத்தின் உரிமையாளருக்கு விலையின்றித் தாமாகவே வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. தேடல் விடைப்பக்கத்தில் ஓர் இணைப்பை ஒருவர் கிளிக் செய்து தளத்துக்குள் நுழையும்போது, அவர் என்ன தேடினார் என்பதும் முகவரியோடு சேர்ந்து தளத்தின் சர்வர் பதிவேட்டில் ஏறிவிடும். பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேறு கருவி தேவைப்படவில்லை. 2011 அக்டோபரில் கூகுள், தன் கணக்கில் நுழைந்திருப்போரின் தேடல்களை மறையாக்கம் செய்யத் தொடங்கி, 2013-இல் அதை ஏறக்குறைய எல்லோருக்கும் விரிவாக்கியபின் அவ்வழி அடைபட்டது. பயனரின் தனியுரிமை என்ற நோக்கில் அது சரியான நடவடிக்கைதான். ஆயினும் அதனால் உண்டான இருட்டில்தான் தேடுசொற்களை விற்கும் தொழில் செழித்தது என்பதையும் மறுக்க இயலாது.

அத்தொழில் விற்பது எதை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு சொல் மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகிறது என்று கட்டணக் கருவிகள் காட்டும் எண் எண்ணிப் பெறப்பட்டதன்று, கணித்துப் பெறப்பட்டது. தேடலின் முழுப் பதிவேடு தேடுபொறி நிறுவனத்திடம் மட்டுமே இருப்பதால், பிறர் அனைவரும் விளம்பரத் தரவுகளையும் மாதிரிப் பயனர் குழுக்களின் உலாவல் தடங்களையும் கொண்டு ஊகிக்கவே முடியும். ஒரே சொல்லுக்கு இரண்டு கருவிகள் வெவ்வேறு எண்களைத் தருவதன் காரணம் இதுவே. பல இலட்சம் முறை தேடப்படும் ஆங்கிலச் சொல்லில் இப்பிழை பெரிதாகத் தோன்றாது. ‘கருப்பு கவுனி அரிசி ஊற வைக்கும் நேரம்’ போன்ற தமிழ்த் தொடரிலோ, மாதிரிக்குள் அத்தேடல் ஒருமுறைகூட விழாமல் போக, கருவி சுழியத்தைக் காட்டிவிடும். சுழியத்தைக் கண்ட உரிமையாளர் அப்பக்கத்தை எழுதாமலேயே விட்டுவிடுவார். கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-இல்தான் என்பதை நினைத்தால், விளம்பரச் சந்தையை அடியொற்றி வளர்ந்த இத்தரவுகள் தமிழில் இவ்வளவு மெலிந்திருப்பது வியப்பன்று. நாள்தோறும் நடக்கும் தேடல்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு அதற்குமுன் ஒருபோதும் தேடப்படாதவை என்று கூகுளே பலமுறை கூறியிருக்கிறது. அவை எந்தப் பட்டியலிலும் இருக்க வாய்ப்பில்லை.

கூகுள் தன் விளம்பரதாரர்களுக்காக நடத்தும் கீவேர்ட் பிளானர் கட்டணமற்றதுதான். விளம்பரக் கணக்கு ஒன்று இருந்தால் போதும். ஆனால் 2016 முதல், விளம்பரத்துக்குப் போதிய செலவு செய்யாத கணக்குகளுக்கு அது துல்லியமான எண்ணுக்குப் பதிலாக 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்ற அகன்ற வீச்சுகளையே காட்டுகிறது. அதில் ‘போட்டி’ என்று தலைப்பிட்ட கட்டம் விளம்பரதாரர்களுக்கிடையிலான போட்டியைக் குறிப்பது. இயல்பான தேடல் விடைகளில் முன்னிடம் பெறுவது கடினமா எளிதா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல சொற்களைக் கைவிட்டவர்கள் பலர்.

எண்களுக்குமுன் நோக்கத்தை அறிவது முறை. ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் பதிவேடுகளையும் அதன் பயனர்களிடம் எடுத்த கருத்தாய்வையும் கொண்டு ஆந்திரே பிராடர் 2002-இல் வெளியிட்ட கட்டுரை, தேடல்களை மூன்றாகப் பகுத்தது: ஒன்றைப் பற்றி அறிய விரும்பித் தேடுவது, ஏற்கெனவே அறிந்த ஒரு தளத்தைச் சென்றடையத் தேடுவது, வாங்குதல் போன்ற ஒரு செயலைச் செய்து முடிக்கத் தேடுவது. இப்பகுப்பு பின்னர் பலரால் விரிக்கப்பட்டாலும் அடிப்படை மாறவில்லை. ‘மாப்பிள்ளை சம்பா’ என்ற இரு சொற்களை மட்டும் இட்டுத் தேடுபவர், ஆடி மாதத்தில் சம்பா பட்டத்துக்கு விதைநெல் தேடும் உழவராக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ள தந்தைக்குச் சோறாக்கலாமா என்று அறிய விரும்பும் மகளாக இருக்கலாம். சென்னையில் ஐந்து கிலோ பை என்ன விலை என்று பார்ப்பவராகவும் இருக்கலாம். மூவருக்கும் ஒரே பக்கத்தை நீட்டும் தளம் மூவரையும் இழக்கும். அந்த இரு சொற்களோடு ஒட்டிவரும் மூன்றாவது, நான்காவது சொல்லே நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கிறது: ‘விதை’, ‘வயது’, ‘மகசூல்’ என்பன உழவரையும், ‘நன்மைகள்’, ‘சாப்பிடலாமா’ என்பன அறிய விரும்புவோரையும், ‘விலை’, ‘1 கிலோ’, ‘ஆன்லைன்’ என்பன வாங்குவோரையும் அடையாளப்படுத்துகின்றன. ஆய்வு தேடிப் பிடிக்க வேண்டியது இந்த ஒட்டுச்சொற்களைத்தான். தலைச்சொல் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஒட்டுச்சொற்களின் முதல் ஊற்று கணினிக்கு வெளியில் இருக்கிறது. கடைக்கு வருவோரும் தொலைபேசியில் அழைப்போரும் வாட்ஸ்அப்பில் எழுதுவோரும் கேட்கும் கேள்விகளை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே, திருத்தாமல் ஒரு நோட்டில் எழுதி வந்தால், சில வாரங்களில் எந்தக் கருவியும் தராத பட்டியல் ஒன்று சேர்ந்துவிடும். விற்பவர் தம் பக்கத்தில் ‘குறைந்த கிளைசெமிக் குறியீடு கொண்டது’ என்று எழுதுகிறார். வாங்குபவரோ ‘சுகர் இருக்கிறவங்க இதைச் சாப்பிடலாமா’ என்று கேட்கிறார். விற்பவர் ‘நார்ச்சத்து மிகுந்த தவிடு நீக்கப்படாத அரிசி’ என்கிறார். வாங்குபவருக்கு வேண்டியதெல்லாம், முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டுமா, குக்கரில் எத்தனை விசில் விட வேண்டும், இட்லிக்கு அரைக்கும்போது உளுந்து எவ்வளவு என்பவையே. ‘எத்தனை விசில்’ என்ற தொடர் கட்டுரைத் தமிழுக்குக் கூச்சமாகத் தோன்றலாம். ஆனால் அடுப்படியில் கைபேசியோடு நிற்பவர் தேடும் தொடர் அதுதான். 2017-இல் கூகுள் தமிழிலும் குரல்வழித் தேடலைக் கொண்டுவந்தபின், வாயால் கேட்பதைப் போலவே முழு வாக்கியமாகத் தேடுவதும் எளிதாகிவிட்டதால், நோட்டில் ஏறிய கேள்விக்கும் தேடற்பெட்டியில் ஏறும் கேள்விக்கும் இடைவெளி முன்னைவிடக் குறைந்திருக்கிறது.

நோட்டுப் பட்டியலைச் சரிபார்க்கவும் பெருக்கவும் உதவுவது தேடற்பரிந்துரை, அதாவது பெட்டியில் சில எழுத்துகளை இட்டவுடன் கீழே விரியும் தொடர்கள். 2004 இறுதியில் கூகுள் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கி 2008-இல் தன் முகப்புக்கே கொண்டுவந்த இவ்வசதி, மக்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து எழுவது. எனவே அதில் தோன்றும் ஒவ்வொரு தொடரும், எண்ணிக்கை தெரியாவிடினும், ஒரு மனிதக்கூட்டத்தின் தேவைக்குச் சான்று. தேடுபவரின் பழைய தேடல்களும் இருப்பிடமும் பரிந்துரைகளைச் சாய்த்துவிடும் என்பதால், கணக்கிலிருந்து வெளியேறி இன்காக்னிட்டோ சாளரத்தில் செய்வது நலம். தலைச்சொல்லை இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அடுத்த சொல்லின் முதலெழுத்தாக ஒவ்வோர் எழுத்தையும் இட்டுப் பார்ப்பதே பழகிய முறை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள் என்பதால் வேலை சிறிது. தமிழுக்கு 247 எழுத்துகள் என்று அஞ்ச வேண்டியதில்லை. மொழிக்கு முதலாகும் எழுத்துகள் எவை என்று இலக்கணம் வரையறுத்திருப்பதால், உயிர் பன்னிரண்டையும் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ ஆகிய வரிசைகளையும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஆனால் இலக்கணத்தோடு நின்றுவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். மொழிக்கு முதலாகாத ட, ர, ல வரிசைகளிலும் கிரந்த ஜ, ஸ, ஹ வரிசைகளிலும்தான் ‘டயட்’, ‘ரேட்’, ‘ரெசிபி’, ‘லட்டு’, ‘ஜூஸ்’, ‘ஸ்டோர்’, ‘ஹெல்த் மிக்ஸ்’ என்று அன்றாடப் புழக்கத்தின் கடன்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்கும் நோக்கமும் சமைக்கும் நோக்கமும் மிகுந்த சொற்கள் அவையே. அதே சோதனையைத் தலைச்சொல்லுக்கு முன்னாலும் செய்யலாம். யூடியூபின் தேடற்பெட்டியிலும் பெரிய விற்பனைத் தளங்களின் பெட்டிகளிலும் செய்யலாம். யூடியூபில் சமையலும் வேளாண்மையும் மிகும், விற்பனைத் தளங்களில் எடையும் விலையும் மிகும். விடைப்பக்கத்தின் நடுவே ‘மக்கள் கேட்கும் பிற கேள்விகள்’ என்ற பொருளில் விரியும் பெட்டியும், அடியில் வரும் தொடர்புடைய தேடல்களும் இதே வகைச் சான்றுகள்.

தமிழில் இவ்வாய்வு சிக்கலாகும் இடம் எழுத்துக்கூட்டல். ‘கருப்புக் கவுனி’ என்று ஒற்று மிகுத்து எழுதுவது மரபு. தேடுவோரில் பெரும்பாலோர் ஒற்றை இடுவதில்லை. ‘கறுப்பு’ என வல்லின றகரமிட்டு எழுதுவோரும் உண்டு. ‘கவுணி’ என்போரும் உண்டு. ‘கௌனி’ என்று எழுத நினைத்து, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் இட்டு ‘கெளனி’ என்று தட்டச்சிடுவோரும் இருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். சீரகச் சம்பாவைப் பிரியாணிக்காகத் தேடுவோர் ‘ஜீரக சம்பா’ என்றும் எழுதுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டச்சிடும் பெருங்கூட்டம் ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை என்ற சொல்லை அவர்கள் ஒற்றைப் ‘பி’யோடும் இரட்டைப் ‘பி’யோடும், ஒற்றை ‘எல்’லோடும் இரட்டை ‘எல்’லோடும் எழுதும்போது, ஒரு சொல்லுக்கே நான்கு வடிவங்கள் பிறந்துவிடுகின்றன.

தேடுபொறிகள் இவ்வடிவங்களில் சிலவற்றை ஒன்றெனக் கண்டுகொள்கின்றன. சொற்றொடரின் பொருளைச் சூழலோடு சேர்த்து உணரும் பெர்ட் என்னும் மொழிமாதிரியைக் கூகுள் 2019 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கியது. ஆயினும் வேற்றுமை உருபு ஏறிய தமிழ்ச்சொல்லிலும் அரிதான பெயர்ச்சொல்லிலும் இப்புரிதல் சீராக இல்லை என்பதை, ஒரே பொருளை மூன்று எழுத்துக்கூட்டல்களில் தேடி விடைப்பக்கங்களை ஒப்பிட்டாலே அறியலாம். பழைய எழுத்துருச் சிக்கலும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை: அச்சகத்தில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த துண்டறிக்கையின் வாசகத்தை அப்படியே தளத்தில் ஒட்டினால், தேடுபொறி அதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளையே காணும். யூனிகோடுக்கு மாற்றாத பக்கத்துக்குத் தேடுசொல் ஆய்வு செய்வது வீண்வேலை.

காலத்தையும் இடத்தையும் காட்டுவது 2006-இல் தொடங்கப்பட்ட கூகுள் டிரெண்ட்ஸ். 2004 முதலான தரவைக் கொண்ட இக்கருவி தேடல்களின் எண்ணிக்கையைத் தருவதில்லை. தெரிந்தெடுத்த காலத்தில் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதன் விகிதமாகக் காட்டுகிறது. ஆகவே 40 என்பது நாற்பது பேர் அல்லர். ஒரு சமயத்தில் ஐந்து சொற்கள் வரை ஒப்பிடலாம் என்பதால், ‘கருப்பு கவுனி’யா ‘கவுனி அரிசி’யா எது மேலோங்கியது, தமிழ் எழுத்தா ஆங்கில எழுத்தா என்பன போன்ற கேள்விகளுக்கு அது நேர்விடை தரும். தேடல் மிகக் குறைவான சொல்லுக்கு அதுவும் வெறுமையையே காட்டும். அப்போது தனி நெல்வகையை விட்டு ‘பாரம்பரிய அரிசி’, ‘சிவப்பு அரிசி’ போன்ற பொதுச்சொல்லுக்கு ஏறிப் பார்க்க வேண்டும். விக்கிப்பீடியாவின் பக்கப்பார்வைக் கணக்கு இவ்வெறுமையை ஓரளவு நிரப்பும்: 2015 ஜூலை முதல் ஒவ்வொரு கட்டுரையும் நாள்தோறும் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை யாரும் காணலாம், அது மதிப்பீடு அன்று, எண்ணிக்கை.

தளம் தொடங்கிச் சில மாதங்கள் ஆனபின், மேற்கூறிய அனைத்தையும் பின்னுக்குத் தள்ளும் சான்று ஒன்று கிடைக்கிறது. வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று வழங்கி 2015-இல் பெயர் மாறிய சர்ச் கன்சோல், தளத்தின் உரிமையை உறுதிசெய்த எவருக்கும் கட்டணமின்றி, எந்தெந்தத் தேடல்களில் அத்தளம் விடைப்பக்கத்தில் தோன்றியது, எத்தனை முறை தோன்றியது, எத்தனை முறை கிளிக் செய்யப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்று காட்டுகிறது. தேடுபொறியின் சொந்தப் பதிவேட்டிலிருந்து வரும் தரவு இது. இதிலும் குறை உண்டு: மிகச் சிலரே தேடிய தொடர்கள் தனியுரிமை கருதி மறைக்கப்படுகின்றன, திரையில் ஆயிரம் வரிசைகளே தெரியும். ஆயினும் சிறு தளத்துக்கு ஆயிரம் வரிசை தாராளம்.

அதைப் படிக்கும் முறையில்தான் பயன் இருக்கிறது. பலர் கிளிக் எண்ணிக்கையின்படி அடுக்கி, தம் கடையின் பெயர் முதலில் நிற்பதைக் கண்டு மகிழ்ந்து மூடிவிடுகிறார்கள். கடையின் பெயரைத் தேடியவர் எப்படியும் வந்திருப்பார். கவனிக்க வேண்டியவர், பெயர் தெரியாமல் பொருளைத் தேடியவர். பல முறை தோன்றியும் கிளிக் கிடைக்காத, சராசரி இடம் எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் நிற்கும் தொடர்களைத் தனியே பிரித்தால், தேடுபொறி இத்தளத்தைப் பொருத்தமானது என்று ஒப்புக்கொண்டும் முன்னிடம் தரத் தயங்கும் சொற்கள் புலப்படும். எடுத்துக்காட்டாக, தூயமல்லி அரிசியின் விற்பனைப் பக்கம் ‘தூயமல்லி நெல் வயது’ என்ற தேடலுக்கு 14-ஆம் இடத்தில் தோன்றிக்கொண்டிருந்தால், அப்பக்கத்தில் நெல்லின் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும், உழவர்களுக்கென ஒரு தனிப்பக்கம் எழுதப்படாமல் காத்திருக்கிறது என்பதையும் அது ஒருங்கே உணர்த்தும். 2021 முதல் இக்கருவி ஏற்றுக்கொள்ளும் ரெஜெக்ஸ் என்னும் எழுத்துக்கோல வடிகட்டியைக் கொண்டு, ‘எப்படி’, ‘எத்தனை’, ‘எங்கே’, ‘-லாமா’ என்பன வரும் தேடல்களை மட்டும் வடித்தெடுக்கலாம். தமிழ் எழுத்தில் வந்தவற்றையும் ஆங்கில எழுத்தில் வந்தவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். தளத்துக்குள்ளேயே ஒரு தேடற்பெட்டி இருந்து, அதில் இடப்படும் சொற்கள் சேமிக்கப்பட்டால், அதுவும் இணையான புதையல். கடையில் இல்லாத பொருளை வாடிக்கையாளர் எப்பெயரால் கேட்டார் என்பதை வேறெந்தச் சான்றும் காட்டாது.

திரட்டிய சொற்களில் எவற்றை எடுப்பது என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சொல்லைத் தேடி முதற்பக்கத்தைக் கண்ணால் படித்தாலே போதும். முதல் பத்து இடங்களையும் பெரிய விற்பனைத் தளங்களும் நாளிதழ்களும் காணொளிகளும் பிடித்திருந்தால் அச்சொல் இப்போதைக்கு எட்டாது. தலைப்பில் மட்டும் சொல் இருந்து உள்ளே கேள்விக்கு விடையில்லாத பக்கங்கள் மிகுந்திருந்தால், அங்கே இடம் இருக்கிறது. எடுக்கக்கூடாத சொற்களும் உண்டு. ‘சர்க்கரை நோய் குணமாக’ என்ற தொடருக்குத் தேடல் மிகுதி என்பதால் அரிசி விற்பவர் அதற்கொரு பக்கம் எழுதுவது, தேடுபொறி உடல்நலச் செய்திகளுக்கு வைத்திருக்கும் கடுமையான அளவுகோலில் தோற்பதோடு, மருந்தை நிறுத்திவிட்டுச் சோற்றை நம்பும் ஒருவரை உருவாக்கவும் கூடும்.

தேர்ந்தெடுத்த சொற்களைப் பக்கத்தில் எங்கே வைப்பது என்பதில் பழைய மூடநம்பிக்கைகள் இன்னும் விற்பனையாகின்றன. பக்கத்தின் மூலநிரலில் படிப்போர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ என்னும் மறைகுறியில் தேடுசொற்களை வரிசையாக அடுக்கும் பழக்கத்தைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் அதற்குக் கட்டணம் வாங்குவோர் குறையவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு பக்கம் படைப்பது தேடுபொறியின் விதிகளுக்கு முரணானது. தலைப்பிலும் முதற்பத்தியிலும் மிகுதியாகத் தேடப்படும் வடிவம் ஒன்றை இட்டு, முகவரியில் ஆங்கில எழுத்து வடிவத்தை வைத்து, ‘இதைக் கவுணி அரிசி என்றும் சிலர் எழுதுவர்’ என்பதுபோல ஒரே ஒரு வரியில் பிற வடிவத்தை இயல்பாகச் சேர்ப்பதே போதுமானது. ஒற்றுப்பிழையோடு தேடப்படுகிறது என்பதற்காகப் பக்கம் முழுவதையும் பிழையோடு எழுதத் தேவையில்லை. தலைப்பில் ஒற்றை விடுவதா இடுவதா என்பதை மட்டும், டிரெண்ட்ஸ் ஒப்பீட்டையும் தம் தமிழ்ப்பற்றையும் எடைபோட்டு உரிமையாளரே முடிவு செய்துகொள்ளலாம்.

நெல் சார்ந்த தளத்துக்குத் தேடல்களின் ஆண்டுச் சுழற்சி முக்கியமானது: குறுவைக்கும் சம்பாவுக்கும் முன்பு விதைநெல், தையில் புத்தரிசி, இடைப்பட்ட மாதங்களில் சமையல். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவையே வைத்திருப்பதால், இரண்டு சம்பா பட்டங்களை முழுமையாக ஒப்பிட விரும்புபவருக்கு அது போதாது; ஆகவே மாதந்தோறும் தேடல் அறிக்கையைப் பதிவிறக்கி, மாதப் பெயரிட்ட தனித்தாளாக ஒரே எக்செல் கோப்பில் சேர்த்து வர வேண்டும். அக்கோப்பில் ஆனி மாதத்திலேயே ‘விதை’ என்ற ஒட்டுச்சொல் ஏறத் தொடங்குவது தெரிந்தால், அடுத்த ஆண்டு விதைநெல் பக்கத்தை வைகாசிக்குள் புதுப்பித்துவிடலாம். தேடுபொறி புதிய பக்கத்தைப் படித்துத் தன் அட்டவணையில் ஏற்றி நிலைநிறுத்தச் சில வாரங்கள் ஆகக்கூடும்.